அவர் இல்லாத படம்

புனேயில் விஷ்ராந்த்வாடிப் பக்கம் குடிசைகளை இடித்துவிட்டார்கள். வீடிழந்தவர்களோடு ஒரு தமிழ் நடிகர் வந்து உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கராடியில் இருக்கும் என் ஆபீசிலிருந்து அங்கே ஓடினேன். திரையில் அவர் கொடூரமான வில்லன். நேரில் நரைத்த தாடியும் ரப்பர் செருப்புமாகத் தார்ப்பாயில் இருந்தார்.

"சார், ஒரே ஒரு செல்ஃபி."

என் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். யார் கேட்டாலும் அப்படித்தானாம்.

"எம் மூஞ்சிய தியேட்டர்ல பாத்துக்கலாம் தம்பி. இந்தம்மா பக்கத்துல உக்காருங்க. வீடு எங்க இருந்துச்சுன்னு கேளுங்க."

கேட்டேன். அந்த அம்மா மராத்தியில் பேசிக்கொண்டே இடிபாடுகளைக் காட்டினார். அப்போது நடிகர் எங்கள் இருவரையும் படமெடுத்தார்.

முகத்தை வைத்தே பிழைக்கும் மனிதருக்குப் படத்தில் தன்னை விட்டுவிட எப்படி மனம் வந்ததோ! அவரைச் சந்தித்ததாகச் சொன்னால் ஆபீசில் யாரும் நம்புவதில்லை. போனை நீட்டுகிறேன்.

"இந்தம்மா யாருடா?" என்கிறார்கள்.

சொல்ல ஆரம்பிக்கிறேன்.