வாசிப்புக் கூடத்தில் ஒரு தையல் மெஷின்

வீடென்று இருந்தது ஒரே அறை. கணவன் ராத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவன், பகலில்தான் தூக்கம். மனைவி தையல்காரி, அவளுக்குப் பகலில்தான் பிழைப்பு. மெஷின் ஓடினால் அவன் கண் மூடாது, அவன் தூங்கினால் அவள் வேலை ஓடாது. ஒரு நாள் விடியற்காலையில் வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்து, சாலைத் தடுப்பில் உரசிவிட்டான். நல்லவேளை, உள்ளே நோயாளி இல்லை. அவன் சிரித்து மழுப்பினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மெஷினையே தலைமுழுகிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஆனால் லேசில் விடுகிற ஆளா அவள்? கையும் துணியும் நுழைய மட்டும் வழிவைத்து ஒரு மரப்பெட்டி செய்து, பழைய மெத்தைப் பஞ்சை அடைத்து, மெஷினை உள்ளே உட்காரவைத்தாள். சத்தம் அடங்கியது. கூடவே மோட்டாரும் வெந்து அடங்கியது!

அந்தச் சமயம் பார்த்து ஊர் நூலகமும் பல்கலைக்கழகமும் கைகோத்து, புதுத்தொழில் தொடங்குபவர்களுக்கென்று நூலக மாடியில் ஓர் அறை திறந்திருந்தன. கருகிய பெட்டியோடு போய் நின்றாள்.

"அடடா, இது மூச்சுவிட வழியே வைக்கலையேம்மா" என்றார் அங்கே வந்த பேராசிரியை. தன் ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப்போனார். சூடு வெளியேற வளைவான குழாய், அடியில் ரப்பர் என்று இருவரும் சேர்ந்து மல்லுக்கட்டிப் பெட்டியைச் சரிசெய்தார்கள். இனி அதை நிறையச் செய்து விற்க முதலீட்டாளர் ஒருவர் மனம் வைக்க வேண்டும். முதலீட்டாளர்கள் நூலகத்துக்கு வரும் நாளும் குறித்தாகிவிட்டது.

தையல்காரிக்கு மேடையேறினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் வாசிப்புக் கூடத்திலேயே தைத்துக் காட்டுகிறேன் என்றாள். கூடத்தை ஆள்பவர் நூலகர். எல்லோருக்கும் அவர் 'உஷ் அக்கா'. தும்மினாலே முறைப்பார். யாராவது மேசையில் தலைசாய்த்தால் தட்டி எழுப்பிவிடுவார்.

"ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் பெட்டியும் நீயும் வெளியில, சொல்லிட்டேன்" என்றார்.

அன்று காலை கணவன் வேலை முடிந்து நேராக வந்து பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தான். "ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போறேன்" என்று பக்கத்து நாற்காலியில் சாய்ந்தான்.

முதலீட்டாளர்கள் வந்து சுற்றி நின்றார்கள்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று உரக்கக் கேட்டார் ஒருவர்.

"அப்பவே ஆரம்பிச்சுட்டேனே, சார்" என்று முக்கால்வாசி தைத்த சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "உஷ்!" என்று பாய்ந்து வந்தார் உஷ் அக்கா. "ஆள் தூங்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிக்குப் பக்கத்திலேயே, அதே மேசையில் தலைவைத்து, கணவன் அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தான். சிரித்தவர் குனிந்து அவனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"நிறையவே செய்யலாம்மா, நான் கூட நிக்கிறேன்" என்றார் மெல்லிய குரலில்.

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அவனிடம் சொல்லியாக வேண்டுமே! உலுக்கி எழுப்பக் கையை நீட்டினாள். உஷ் அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தூங்கட்டும்டி."