பாலாற்றுத் திட்டின் குட்டித் தண்டவாளம்

மழையில் நனைந்த துருவின் வாசனை பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தால் போதும், பாலாற்றின் நடுவே இருந்த மணல்திட்டும், முதல் உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்தார் வெடிமருந்து ஏற்றப் போட்டுவிட்டு அப்படியே விட்டுப்போன குட்டி ரயிலின் தண்டவாளமும் என் கண்முன் வந்துவிடும். புல் மூடிய அந்தத் தண்டவாளத்தில் மிஞ்சியிருந்த ஒரே தள்ளுவண்டியில்தான், தோல் கொட்டகையில் சுண்ணாம்பில் ஊறவைத்து ஆற்றில் அலசிய தோல்களை என் அத்தையும் மற்றப் பெண்களும் மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். சக்கரம் கிறீச்சிடும், சுண்ணாம்பு நாறும், வளையல்கள் குலுங்கும், மேட்டைத் தொட்டதும் எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள்.

ஒருநாள் மேட்டில் நின்ற காலி வண்டியில் அத்தை தன் கைக்குழந்தையைத் தூங்கப் போட்டிருந்தாள். முட்டுக்கல் நழுவி வண்டி ஆற்றை நோக்கி உருண்டது. அந்த வண்டிக்குப் பிரேக் கிடையாது; ஈரத்தோலைச் சுருட்டிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டுத்தான் நிறுத்துவார்கள். கீழே தோல் அலசிக்கொண்டிருந்த அத்தை, அலறாமல், கையிலிருந்த தோலைச் சுருட்டியபடியே எதிரே ஓடிவந்து தண்டவாளத்தில் போட்டாள். அத்தனை நிதானத்தை நான் பிறகு யாரிடமும் பார்த்ததில்லை. தண்ணீருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. குழந்தை விழிக்கவே இல்லை.

தோல் கொட்டகை மேஸ்திரி சாயபு மூச்சிரைக்க வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா மங்கா, நல்ல தோல்ல கோடு வுழுந்துடுச்சே."

"ஜாஸ்தியா சாயபு?" என்றாள் அத்தை.

சாயபு குழந்தையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"கம்மிதாம்மா" என்றவர், தலைப்பாகையை அவிழ்த்துக் குழந்தையின் மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.