பெரிய பாய் வீட்டு ஹோம் தியேட்டர்

வாடிக்கையாளர் வீட்டில் ஊமையாகிவிட்டு, நம் மேசைக்கு வந்ததும் ஒழுங்காகப் பாடுகிற பெட்டியைப் போலத் தொல்லை பிடித்தது எங்கள் தொழிலில் வேறு கிடையாது. டிவி, ஆம்ப்ளிபையர் என்று எதையாவது பிரித்துப் போட்டுப் பிழைக்கிற நீங்கள் எல்லோரும் அப்படி ஒரு பெட்டியிடமாவது மாட்டியிருப்பீர்கள். நான் மாட்டியது ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவரிடம், டிவி சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்புகிற பெட்டியிடம்.

கள்ளக்குறிச்சி மார்க்கெட்டுக்குப் பின்னால் என் கடை. யாரிடமும் தொழில் படித்ததில்லை. சர்க்யூட் படங்களைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. வேலை செய்வது ராத்திரியில்தான். மெல்லிய இரைச்சலைக் காதால் கேட்டுக் கோளாறைப் பிடிக்க வேண்டும், பகலில் மினி பஸ்ஸும் வெங்காய லோடும் அதற்கு விடாது. எனக்கு ராத்திரித் தூக்கம் வராது என்பதும் ஒரு காரணம், அதை யாரிடமும் சொல்வதில்லை. பகலில் படுத்துக்கிடப்பதால் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிற வழக்கமே எனக்கில்லை. பெட்டிதான் என்னைத் தேடி வரவேண்டும். இதை ஒரு கெத்தாகவே வைத்திருந்தேன்.

படம் ஓடுது, பேச்சு இல்லை

செருப்புக் கடை வைத்திருக்கும் ஜாபர் பாய் ஒருநாள் சாயங்காலம் ரிசீவரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய அத்தா, அதாவது அப்பா, பழைய டெய்லர். ஊரில் எல்லோருக்கும் அவர் பெரிய பாய். காது கேட்பது வரவரக் கம்மியாகி, கடைசியில் வீட்டில் எல்லோரும் அவரிடம் கையாலேயே பேசப் பழகிவிட்டார்கள். காது மிஷின் வாங்கிக் கொடுத்தால், எல்லாச் சத்தமும் ஒன்றாக இரைகிறது என்று கழற்றி வைத்துவிட்டாராம். ஹோம் தியேட்டரில் ஆட்கள் பேசுகிற பேச்சு மட்டும் நடு ஸ்பீக்கர் வழியாகத் தனியாக வரும். அதை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்ததும் செய்தி வாசிக்கிறது அவருக்குப் புரிந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில், சேலத்தில் மழையாமே என்று அவரே பேச்சை ஆரம்பித்தாராம். மருமகளுக்கு, ஜாபர் பாயின் மனைவிக்கு, கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பெட்டிதான் இப்போது பாதியில் நின்றுபோகிறது. டிவியில் படம் ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் இல்லை, மாமா தன் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மருமகள்தான் கவனித்துச் சொல்லியிருக்கிறார். நான் மூன்று ராத்திரி தொடர்ந்து ஓடவிட்டேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். ஜாபர் பாய் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லதாப் போச்சுண்ணே. அத்தாகிட்ட அப்படியே சொல்லிடறேன்."

மறுபடியும் அதே பெட்டி

நாலாம் நாள் பெட்டி திரும்பி வந்தது. இந்த முறை சும்மா விடவில்லை. ஸ்பீக்கருக்குப் போகிற இணைப்பைத் துண்டித்துச் சேர்க்கிற ரிலேவை மாற்றினேன், சந்தேகப்பட்ட கெபாசிட்டர்களை எல்லாம் மாற்றினேன், பவர் போர்டு முழுவதும் மறுபடி ஈயம் வைத்தேன். என்ன செய்கிறோம் என்று தெரியாதபோதுதான் நாம் இவ்வளவு வேலை செய்வோம், உங்களுக்குத் தெரியாததா. ஐந்து ராத்திரி ஓடியது. செய்தி வாசிக்கிறவர் சளைத்தாலும் பெட்டி சளைக்கவில்லை.

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் வீட்டுக் கரண்டில் ஏதோ இருக்கும் என்று பழியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டேன். ஜாபர் பாய் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டே, அத்தா இப்போதெல்லாம் சாப்பிடும்போது வாயே திறப்பதில்லை என்றார். பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்பதில்லையாம். பிறகு கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுச் சொன்னார்: "வூட்ல ஃபிரிட்ஜ் ஓடுது, மிக்ஸி ஓடுது, இஸ்திரிப் பொட்டி ஓடுது. இது மட்டும் இன்னாண்ணே, நவாப்பா?"

வெள்ளிமலையில் ஒரு பூனை

மூன்றாம் முறை நின்றுபோனதாகப் போன் வந்தபோது, பெட்டியைக் கொண்டுவர வேண்டாம் என்றேன். அதே மாடல் ஒன்றை முன்பு கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளி போடுகிற கோவிந்தனுக்கு விற்றிருந்தேன். அதன் போர்டை இரண்டு நாள் இரவல் வாங்கி மாற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று, தூக்கத்தை விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் ஏறினேன்.

கோவிந்தன் வீட்டில் பல்பு ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கரண்டிலும் பெட்டி காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்தது. ஒரு இரும்பு ஸ்டூலின் மேல், தூசி படிந்து, எந்த மரியாதையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. மேலே உள்ளங்கையைக் காட்டினேன். ஓட்டைகள் வழியாகச் சூடு ஒழுங்காக ஏறி வந்தது. இடையில் நிற்குமா என்று கேட்டேன். ஒருநாளும் நின்றதில்லையாம். இப்படித் திறந்து போட்டிருக்கிறீர்களே, தூசி அடையாதா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவைத்தேன். கோவிந்தன் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்: "துணி போட்டு வச்சா பூனை ஏறிப் படுத்துக்கும். சூட்டுல பொட்டி நின்னுபூடும்னு எடுத்துட்டேங்க."

ஜாபர் பாய் வீட்டில் பெட்டி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போர்டைக் கேட்காமலே மலை இறங்கினேன்.

அளவெடுத்துத் தைத்தது

அன்று மாலையே ஜாபர் பாய் வீட்டுக்குப் போனேன். அவர் கடையில் இருந்தார். மருமகள்தான் கூடத்துக்குக் கூட்டிப்போனார். ஃபிரிட்ஜுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ரிமோட்டுக்குக்கூட ஒரு குட்டி உறை. கண்ணாடி ஷோகேஸுக்குள் என்னுடைய நவாப், மெரூன் வெல்வெட்டில், உள்துணி கொடுத்துத் தைத்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சுருக்கம் இல்லை. ரிமோட் வேலை செய்வதற்காக முன்பக்கம் ஒரே ஒரு துளை, சட்டைப் பொத்தானுக்கு எடுப்பது போலச் சுற்றிலும் காஜா எடுத்திருந்தது. போன மாதம் மாமா இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தாராம். ஜாபர் பாய் ஒவ்வொரு முறையும் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார். திரும்பி வந்ததும் பெரிய பாய் மறுபடி மாட்டிவிட்டிருக்கிறார்.

எதையும் தொடாமல் பெரிய பாய் பக்கத்தில் உட்கார்ந்தேன். செய்தி ஓடியது. அரை மணிகூட ஆகவில்லை, உள்ளே 'டக்' என்று ரிலே விழுந்தது. பேச்சு நின்றது. அவர் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையால் காதை அழுத்தி விட்டார். தாடையை இரண்டு முறை அசைத்துப் பார்த்தார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, வாய் மட்டும் அசைகிற அந்தச் செய்தியைப் பார்க்க ஆரம்பித்தார்.

நோட்டை எடுத்து, 'சத்தம் நின்னுடுச்சு. எனக்கும் கேக்கலை' என்று எழுதிக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மருமகளைப் பார்த்து, உனக்கு என்பதுபோல விரலை நீட்டினார். அவரும் இல்லை என்று தலையசைத்தார். பெரிய பாய் நோட்டை என் பக்கம் தள்ளினார். "பொட்டியில ஒரு கோளாறும் இல்லன்னு நீதானே தம்பி ரெண்டு தபா சொல்லி அனுப்பிச்ச. சரி, நம்ம காதுதான் மொத்தமா மூடிக்கினு வருதுன்னு இருந்துட்டேன்."

லூஸு

சட்டையைக் கழற்றினேன். மேல்தகட்டில் கை வைக்க முடியவில்லை. சூடு தாங்காமல் பெட்டி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டதற்கான எழுத்து முன்பக்கம் மின்னிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் வெல்வெட்டுக்கு உள்ளேயே மின்னியிருக்கிறது. பெட்டியை வெளியே எடுத்து வைத்து, ஃபேனைத் திருப்பிவிட்டு, கால் மணி கழித்துப் போட்டேன். செய்தி வாசிக்கிற பெண் பேசினாள். பெரிய பாய் ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்து, அவள் சொன்னதை வாய்க்குள் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். பேச்சு நிற்கவில்லை.

உறையைப் பற்றிச் சொல்லவேண்டாம் என்று மருமகள் கண்ணைக் காட்டினார். ஆனால் பெரிய பாய் நாளைக்கே மறுபடி மாட்டிவிடுவார், மறுபடி காதை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுதிக் காட்டினேன்: 'உறை போட்டா சூடு வெளியே போகாது. மேலேயும் கீழேயும் காத்து வேணும்.' அவர் இரண்டு முறை படித்தார். வெல்வெட்டைக் கையில் எடுத்து, தையலோரமாக விரலை ஓட்டினார். கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. "மனுசனுக்குத் தச்சா மூச்சு வுட ரெண்டு விரக்கடை லூஸு வுடுவேன். பொட்டியும் மூச்சு வுடும்னு எவன் சொன்னான்?"

இத்தனை வருஷமாக நான் பார்த்த சர்க்யூட் படங்களில் ஒன்றில்கூட டெய்லர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று போட்டிருந்ததில்லை.