சுளுக்கு என்றார்கள்

அண்ணன் கூடத்தில் பாயில் மல்லாந்து கிடந்தான். அவனுடைய வலது முட்டியின் மேல் என் பாதத்தை வைக்கச் சொன்னார்கள். நான் பிறக்கும்போது தலைக்குப் பதில் கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் சுளுக்கு எடுபடும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் யாருக்கு இடுப்பு பிடித்தாலும் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். கூச்சத்தில் நான் அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டாலும் அம்மா இழுத்து வந்து நிறுத்துவாள். அன்றைக்குப் பாதத்தை வைத்ததுமே எனக்கு உடம்பு கூசியது. முட்டி கொதித்தது. உள்ளே தண்ணீர் கட்டிய பை போலத் தளும்பியது.

“அம்மா, இது சுளுக்கு மாதிரி இல்ல” என்றேன்.

பக்கத்தில் நின்ற, அண்ணனின் கபடி அணிக் கேப்டன் சிரித்தார். “ஏட்டி, பத்தாங்கிளாசு படிக்கவ டாக்டராயிட்டியா? சும்மா நீவு.”

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டான். நான் நீவினேன்.

அண்ணன் ஒரு நூற்பாலையில் தற்காலிக ஆளாக இருந்தான். அந்த வேலை கிடைத்ததே கபடிக்காகத்தான். மில் அணியின் கேப்டன் அங்கேயே மேஸ்திரி. இந்த வருடம் கோப்பை வந்தால் அண்ணனை நிரந்தரமாக்கச் சொல்லி மேலே பேசுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா இல்லாத வீட்டில் அம்மா அந்த ஒரு வாக்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் வன்னியம்பட்டியில் அரை இறுதி ஆட்டம். எதிரணிக் கோட்டுக்குள் பாடிப்போன அண்ணன் பிடியிலிருந்து நழுவித் திரும்பியபோது பாதம் மண்ணில் ஊன்றி நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது. முருங்கைக் கிளை ஒடிந்தது போல ஒரு சத்தம் கேட்டதாகக் கூட ஆடியவர்கள் சொன்னார்கள். சத்தத்தைக் கேட்டவர்களும் சுளுக்கு என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. பெரிய அடி என்றால் லீவு கொடுக்க வேண்டும், ஆட்டத்துக்கு வேறு ஆள் தேட வேண்டும். சுளுக்கு என்றால் ஒரு பெண்பிள்ளையின் கால் போதும்.

மறுநாள் காலையில் முட்டி இன்னும் பெரிதாக வீங்கியிருந்தது. அம்மா அவனை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அழைத்துப் போனாள். நானும் போனேன். டாக்டர் முட்டியை மடக்கி, இழுத்துப் பார்த்துவிட்டு, யார் நீவியது என்று கோபமாகக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது என்றார். “கொஞ்ச நாள்ல வீக்கம் வத்திரும். நடக்கவும் வரும். அதை நம்பி எறங்கிராதப்பா. தொடையில பலம் வரணும். நான் சொன்ன பொறவுதான் ஓட்டம். ஆட்டத்தை இந்த வருஷம் மறந்துரு.” கட்டுப் போட்டு அனுப்பினார்.

அவர் சொன்னபடியே வீக்கம் வற்றியது, அண்ணன் நடந்தான். அதுவே எங்களைக் கெடுத்தது. வத்திராயிருப்பில் இறுதி ஆட்டம் நெருங்கியபோது கேப்டன் வீட்டுக்கு வந்தார்.

“அந்த டாக்டரு கபடி ஆடிருக்காரா? ஏலே, நடக்கேல்ல, அம்புட்டுதான். கட்டை அவுத்துட்டுத் துணியை இறுக்கிச் சுத்து. ஒன்னய நம்பித்தான் பேரு குடுத்துருக்கேன்.”

“இல்ல அண்ணாச்சி, செத்த நேரம் ஊனி நின்னாலே முட்டி வழுக்குது.”

“வேல வேணுமா, வேண்டாமா?”

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா முட்டியில் சுற்றப் பழைய துணி தேடி உள்ளே போனாள்.

இறுதி ஆட்டத்தன்று சாயங்காலம் வேன் திரும்பி வந்தபோது தெருவே கூடிவிட்டது. கோப்பை முன் சீட்டில் மாலையோடு இருந்தது. அண்ணனைப் பின்னால் படுக்கவைத்திருந்தார்கள். பாதி ஆட்டத்திலேயே, யாரும் தொடாமலேயே, கால் மடங்கி விழுந்தானாம். பட்டாசு வெடித்து முடித்த பிறகுதான் அவனை இறக்கினார்கள்.

அதன் பிறகு அவனால் ஒரு ஷிப்டு முழுக்க நிற்க முடியவில்லை. நடக்கும்போதே முட்டி பூட்டிக்கொள்ளும். அம்மா மில்லுக்குப் போய், வாக்குக் கொடுத்த வேலையைக் கேட்டாள். மில்லுக்குள் அடிபடவில்லையே என்று சொல்லிவிட்டார்கள். மில்லுக்காகத்தானே அடிபட்டது என்று கேட்க அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, வாய் வரவில்லை. கோப்பையை ஆபீசில் கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். கேப்டன் சூப்பர்வைசர் ஆனார். அண்ணன் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கப் போனான். தொண்ணூறுகள் முழுக்க அங்கேதான் இருந்தான். இப்போது மைதானத்தில் பையன்கள் ஆட்டத்துக்கு முன்னால் மெதுவாக ஓடி, உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறார்கள். ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினால் ஐஸ் வைத்து, வெளியே உட்கார வைக்கிறார்கள். அண்ணன் அந்தப் பக்கமே போவதில்லை.

சென்ற வருடம் கேப்டன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வயதாகிவிட்டது, கையில் கம்பு. மதுரையில் முட்டி ஆபரேஷன் முடித்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

“டாக்டரு கறாரா சொல்லிட்டாருப்பா. அவரு சொல்லுத வரைக்கும் மாடிப்படி கூடாது, கனம் தூக்கக் கூடாது. நமக்கு எதுக்கு வம்பு? அப்படியே கேட்டு நடக்கேன்.”

“அதான் நல்லது, அண்ணாச்சி” என்றான் அண்ணன். அவன் குரலில் கோபத்தைத் தேடினேன். இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“ஏட்டி, அண்ணாச்சிக்குக் காப்பி போடு” என்றான்.

“பால் இல்ல” என்றேன்.

அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்த வாசனை கூடம் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. நான் எழுந்து உள்ளே போகவில்லை.