நாலாவது சுரைக்காய்

பழைய படகை விற்க வருகிறவர் எவரும் அது மிதக்கும் என்று சொல்லமாட்டார். பறக்கும் என்றுதான் சொல்வார். பழைய ஸ்கூட்டரோ பழைய கிரைண்டரோ வாங்கிவிட்டு வீட்டில் வசவு வாங்கிய அன்பர்களே, என் பாட்டைக் கேட்டால் உங்கள் வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

திருப்பத்தூரில் டீசல் பம்பு செட் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் கிளப் ஒன்று ஜவ்வாது மலை மேல் ஓர் ஏரியில் நீர்ச்சறுக்குப் பயிற்சி முகாம் போட்டது. படகு பார்த்து வாங்க, பழுது நீக்க, ஓட்ட என எல்லாவற்றுக்கும் என்னை வைத்துக்கொண்டார்கள். சறுக்க வந்தவர்களில் பலர் நாலு முறை விழுந்து எழுந்ததும் காணாமல் போனார்கள். போகாமல் நின்றவர் ரோசலின் டீச்சர். அடிவாரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் டீச்சர். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்துவிடுவார்.

ஸ்லாலம் என்று ஓர் ஆட்டம். படகு நேர்கோட்டில் இழுத்துக்கொண்டு போகும். பின்னால் ஒற்றைப் பலகையில் நிற்பவர் கயிற்றைப் பிடித்தபடி, மிதக்கும் ஆறு பந்துகளை இடமும் வலமுமாகச் சுற்றி வர வேண்டும். ஆறையும் சுற்றிக் காட்டினால் டீச்சரின் பெயர் மெட்ராஸ் போட்டிக்குப் போகும். ஏரியில் தண்ணீர் வற்றுவதற்குள் யாராவது சுற்றிக் காட்டாவிட்டால் முகாமையே வேறு ஊருக்கு மாற்றிவிடுவேன் என்று கிளப் செயலாளர் சொல்லியிருந்தார். அவ்வளவு தூரம் டீச்சரால் வாராவாரம் போய் வர முடியாது. ஆகமொத்தம் அவருடைய ஆசை முழுவதும் நான் வாங்கப்போகும் பழைய படகில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ராஜ அலை

மெட்ராஸில் முதல் படகைக் காட்டியவர் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். எஞ்சின் வாலில் தொங்கும் படகு. என்னை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பின்னால் இடுப்பளவு அலை எழும்பியது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணிகளை அள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். அதிகாரிக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கோ அந்த அலைதான் ஆகாது. ஒவ்வொரு பந்துக்கும் சறுக்குகிறவர் அந்த அலையைக் குறுக்கே தாண்ட வேண்டும். அலை உயர்ந்தால் பலகை துள்ளும், ஆள் விழுவார். அதனால்தான் எஞ்சினை நடு வயிற்றில் வைத்த படகைத் தேடினேன்; பாரம் நடுவில் இருந்தால் பின்னால் தண்ணீர் தட்டையாக இருக்கும். அலை விஷயம் சரிப்படவில்லை என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது: "இதுக்கு மேல அலை வேணும்னா நீங்க மெரினாவுக்குத்தான் போகணும்."

ஈரம்

அடுத்த படகுக்கு எஞ்சின் நடுவில்தான் இருந்தது. பளபளவென்று புதுப் பெயிண்ட். விற்பவர் மரக்கடைக்காரர் என்பதால் மரத்தைப் பற்றிக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் என் வழக்கப்படி உள்ளே குனிந்து, அடிக்கட்டைகளை ஸ்பானரின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல கட்டை டக் டக் என்று பதில் சொல்லும். இது நனைந்த தலையணை மாதிரி சத்தமே காட்டவில்லை. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன். பழுத்த பப்பாளியில் இறங்குவது போலப் பிடி வரைக்கும் இறங்கியது.

அதை இழுத்து அவர் கண்ணெதிரே நீட்டினேன். நுனியில் ஈர மரத்தூள் ஒட்டியிருந்தது. மனிதர் கொஞ்சமும் அசரவில்லை: "தண்ணியில கெடக்கற மரம்னா ஈரமாத்தான் சார் இருக்கும். அது என்ன நாற்காலியா?"

செக்போஸ்ட்

கடைசியில் வாங்கியது பார்க்கச் சகிக்காத ஒரு படகு. பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது, எஞ்சின் இருமியது, இருக்கையில் எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. ஆனால் அடிக்கட்டைகள் எல்லாம் டக் டக் என்றன. எஞ்சினைப் பிரித்துக் கட்டிவிடலாம், எலும்பைக் கட்ட முடியாது.

லாரியில் ஏற்றிக்கொண்டு அடிவாரம் வந்ததும் வனத்துறை செக்போஸ்டில் நிறுத்தினார்கள். காவலர் படகைச் சுற்றி வந்தார், முகர்ந்தார், அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். சந்தனக்கட்டை கீழே இறங்கும் வழியில் நின்று பழகியவருக்கு, மலைக்கு மேலே ஒரு படகு ஏறுவது எந்தக் கணக்கிலும் சேரவில்லை. நீர்ச்சறுக்கு பற்றி நான் விளக்க விளக்க அவருடைய சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் மனமில்லாமல் தடுப்புக் கட்டையைத் தூக்கினார்: "மேல போறத வுட்டுர்றேன். ஆனா கீழ வர்றப்ப இதே எடை இருக்கணும்."

கசப்புக் காய்

கிளப் அனுப்புவதாகச் சொன்ன ரப்பர் பந்துகள் வந்தபாடில்லை. ஏரியோரம் சாமை பயிரிடும் பொன்னன், விதை போட்டு வைக்கும் காய்ந்த சுரைக்குடுக்கைகளைக் கொடுத்தார். சிவப்புப் பெயிண்ட் அடித்து, கல் கட்டி, ஏரியில் வரிசையாக மிதக்கவிட்டேன். ரப்பர் பந்தைவிட அவை மேல். பலகை மோதினால் குடுக்கைதான் உடையும், டீச்சர் உடையமாட்டார்.

டீச்சர் முதல் மூன்றையும் அழகாகச் சுற்றினார். நாலாவதில் விழுந்தார். மறுபடி நாலாவது. அடுத்த சனிக்கிழமையும் நாலாவது. ஒவ்வொரு முறையும் தண்ணீரைத் துப்பிவிட்டு, இன்னொரு தடவை என்று விரலைக் காட்டுவார். படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, சறுக்குகிறவரைக் கவனிக்கும் வேலையைப் பொன்னனே எடுத்துக்கொண்டிருந்தார். தன் காய் மேல் பழி வருகிறதே என்று அவருக்கு மனது கேட்கவில்லை: "நாலாவது மட்டும் கசப்புக் காயா இருக்குமோ சார்?"

கால்

மெட்ராஸிலிருந்து வந்த பயிற்சியாளர், டீச்சருக்கு இடது காலில் பலம் போதாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் அதை மனதில் வைத்துக்கொண்டார். மலைமேல் காவலூருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்தபடி இடது காலில் நின்றே கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஏறி வந்தார். வேண்டுதலா என்று கண்டக்டர் கேட்டாராம். ஆமாம் என்றே சொல்லிவிட்டாராம்.

செயலாளரோ பெரிய எஞ்சின் போடச் சொன்னார். போட்டால் பாரம் கூடும், அலை கூடும், மறுபடி அந்த அதிகாரியின் ராஜ அலைதான். முடியாது என்றேன். அதற்குப் பதில் திருப்பத்தூர் லேத்தில் பித்தளைத் தகட்டை மீன் துடுப்பு போல வெட்டி, படகு பக்கவாட்டில் வழுக்காதபடி அடியில் பொருத்தினேன். படகு நன்றாகத் தடம் பிடித்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. டீச்சர் நாலாவதில் விழுந்தார். கரையேறி, தலையைத் துவட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "கால நான் பாத்துக்கினேன் அண்ணே. இனிமே நீங்க படக பாருங்க."

கொடிமரம்

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரம் ஸ்டியரிங்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுக் கரையிலிருந்த பாறை மேல் ஏறி நின்று பார்த்தேன். ஓட்டுகிறவனுக்குப் படகின் மூக்குதான் தெரியும், வால் தெரியாது. பாறையிலிருந்து வால் தெரிந்தது. கயிறு மாட்டும் கொக்கி வால் நுனியில் இருந்தது. டீச்சர் ஒவ்வொரு காயையும் சுற்றி இழுக்கும்போது வால் அவர் பக்கம் நகர்ந்தது, மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. கொஞ்சம் கொஞ்சமாக விலகி, நாலாவது காயை எட்டும்போது படகு கோட்டிலேயே இல்லை. டீச்சர் சரியாகத்தான் திரும்பினார். கயிறு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

அன்றைக்கே கொக்கியைக் கழற்றினேன். எஞ்சினுக்குச் சற்று முன்னால், படகின் நட்ட நடுவில், அடிக்கட்டைகளோடு போல்ட் போட்டு ஓர் இரும்புக் கம்பம் நட்டேன். நடுவிலிருந்து இழுத்தால் வால் அலையாது. முதல் கம்பம் வளைந்துவிட்டது. தடித்த குழாயில் இன்னொன்று செய்து முட்டுக் கொடுத்தேன். அலையை இன்னும் தணிக்கப் பெட்ரோல் டேங்கை முன்னால் தள்ளினேன். அந்தக் கட்டைகள் மட்டும் உளுத்திருந்தால் கம்பம் கையோடு வந்திருக்கும். வேலை முடிந்ததும் பொன்னன் படகில் ஏறிக் கம்பத்தைத் தடவிப் பார்த்தார்: "நடுவுல இன்னா சார் கொடிமரம்? திருவிழா என்னைக்கு?"

கோளாறு

திருவிழா வந்தேவிட்டது. ஏரி வற்ற ஆரம்பித்து, கரையோரம் சேறு தெரிந்தது. இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லிவிட்டுச் செயலாளர் ஆட்களோடு வந்து கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீச்சர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

நேரே ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் கம்பம்தான் எனக்குச் சொன்னது. இடம் ஓர் இழுப்பு, வலம் ஓர் இழுப்பு, மறுபடி இடம். அடுத்தது நாலாவது. இத்தனை மாதமும் கயிறு தொய்ந்துபோகும் இடம் அது. கம்பம் முறுகி, வலப்பக்கம் பலமாக ஓர் இழுப்பு வந்தது. "சார், நாலாவது கசக்கல" என்றார் பொன்னன், அடக்கமான குரலில். ஐந்தாவதும் ஆறாவதும் போனதே எனக்குத் தெரியாது. கண்ணில் நீர் முட்டி, முன்னால் இருந்த மலை கலங்கித் தெரிந்தது.

கரைக்கு வந்தபோது டீச்சர் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, பலகையைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார். செயலாளர் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார். டீச்சர் பெயர் மெட்ராஸுக்குப் போகும், முகாம் இங்கேயே இருக்கும் என்றார். பிறகு என் தோளில் கை போட்டு, தனியாக அழைத்துக்கொண்டு போய், ஏரியைக் காட்டிக் கவலையோடு கேட்டார்: "டீச்சர் பிரமாதம். ஆனா படகுல அலையே காணோமே, எஞ்சின்ல ஏதாவது கோளாறா?"

என் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான், சொன்னவருக்கு மட்டும் அது பாராட்டு என்று இன்றுவரை தெரியாது.