டேபிளுக்கு ஒரு பெயர்

2020 மே 9, சனிக்கிழமை, மாலை ஐந்து நாற்பது. கத்திரி தொடங்கி ஆறாம் நாள். ஆம்பூரில் இலை அசையவில்லை. வானம் வெளுத்துப் போயிருந்தது. ஊர் பூட்டி நாற்பத்தாறாவது நாள் அது. தோல் பதனிடும் ஷாப்புகள் ஓடாததால் காற்றில் அந்த நாற்றம் இல்லை. அறுபத்தோரு வயது வரை அதைச் சபித்தவன் நான். அது இல்லாமல் போனபோது ஏதோ ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டு நம்மைப் பார்ப்பதுபோல இருந்தது.

அன்று மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்த என் மகளின் மூச்சை எண்ணினேன். நிமிஷத்துக்கு இருபத்திரண்டு. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்து, பக்கத்தில் பூசும் பசைச் சொல்யூஷன் வாடையையும் சேர்த்து இழுத்தவள். கணவன் போன பிறகு என்னோடுதான் இருந்தாள். இந்த நோய் மார்பில்தான் உட்காரும் என்று கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு பயம் கிடையாது. அவள் வெளியே போகக்கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் தெருமுனையைச் சவுக்குக் கம்பும் தகரமும் வைத்து அடைத்திருந்தார்கள். டி.வி.யில் பெரிய மனிதர்கள் பேசியதையே தினமும் மாலை அந்தத் தகரத்துக்கு இரண்டு பக்கமும் நின்று நாங்கள் பேசினோம். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது. அன்று இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். நோன்பு திறக்கிற சைரன் ஊதினால் சபை கலையும்.

“இன்னா சார், இன்னும் எத்தினி நாளைக்கு? நோய் வர்றதுக்கு முன்னாடி பூட்டே ஆளைக் கொன்னுடும் போலக்குதே” என்றார் அந்தப் பக்கம் நின்ற பிரியாணிக் கடைக்காரர்.

“இன்னும் பதினாலு நாள் போகட்டும் பாய். போன வாரம் பின் தெருவுல ரெண்டு வீடு. இந்த வாரம் அஞ்சு. நான் எண்ணிக்கிட்டு வர்றேன்.”

“நீங்க டைம் ஆபீஸ்லயே இருந்து பழகிட்டீங்க. கொரோனா உங்க ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டா உள்ள வரும்?”

எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் நின்ற தோல் ஷாப் மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. “சுண்ணாம்புல போட்டது போட்டபடி கெடக்குது. தொட்டா கூழா வருது. தோலுக்கு லாக்டவுன் தெரியுமா சார்? பாதி ஆளையாவது விடுங்கன்றோம்.”

“பாதி ஆளு வந்து இன்னா பண்றது? லெஃப்ட் கால் ஷூ மட்டும் தைக்கிறதா?” என்றார் பாய். இதற்கு நானும் சிரித்துவிட்டேன். அப்போதுதான் என் போன் அடித்தது.

பேசியவர் என் மகள் தைக்கும் ஷூ கம்பெனியின் மேனேஜர்; டைம் ஆபீஸில் வருகைப் பதிவு எழுதி நான் ஓய்வு பெற்றதும் அங்கேதான். “திங்கக்கிழமைலருந்து ஐம்பது பேருக்குப் பர்மிஷன் வந்துருக்கு சார். நம்ம கிளார்க் வாணியம்பாடில மாட்டிக்கிட்டாரு. எந்த டேபிள்ல யாருன்னு உங்களுக்குத்தான் தலைகீழாத் தெரியும். ஒரு லிஸ்ட் போட்டுக் குடுத்துடுங்க.”

திறக்கக்கூடாது என்று ஐந்து நிமிஷம் முன்னால் பேசியவன் நான். சரி என்றேன். லிஸ்ட் என் கையில் இருந்தால் ஒரு பெயரை நான் வெளியே வைக்க முடியும். அதுதான் காரணம். வேறு சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். தையல் ஹாலில் ஐம்பது டேபிள். ஒவ்வொன்றிலும் இரண்டு பெண்கள் உட்காருவார்கள். ஒருத்தி சொல்யூஷன் பூசி மடிப்பாள், ஒருத்தி தைப்பாள். டேபிளுக்கு ஒருத்தி என்று போட்டால் ஐம்பது பேர் ஆச்சு, இடைவெளியும் ஆச்சு. கணக்கு அழகாக வந்தது. பதினேழாவது டேபிளில் மட்டும் பேனா நின்றது. அது என் மகளும், மசூதித் தெருவிலிருந்து வரும் அவள் தோழியும் உட்காரும் டேபிள். தோழியின் பெயரை எழுதினேன். அவளுக்கும் ஒரு அப்பா இருப்பார் என்று அந்த நேரத்தில் நினைத்தேனா என்றால், நினைத்தேன். எழுதினேன். போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன்.

ஐம்பதைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை எண்ணினேன். எண்ணிக்கையில் பிழை இல்லை.

திங்கட்கிழமை காலை ஏழு பத்து. என் மகள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். தலை வாரியிருந்தாள். நாற்பத்தெட்டு நாளில் அவள் முகம் அப்படி இருந்து நான் பார்க்கவில்லை.

“எங்க கிளம்பிட்டே?”

“கம்பெனிக்குத்தான்பா. வாட்ஸ்அப் குரூப்புல வந்த லிஸ்ட்ல எங்க டேபிள் இருக்குதே.”

“உன் பேர் இல்லியே.”

“அவ பேர் இருக்குது இல்ல? டேபிளுக்கு ஒரு பேருதானே எழுதுவாங்க. நீ பண்ண வழக்கம்தான்பா அது.”

அவள் சொன்னது உண்மை. ஓவர்டைம் லிஸ்டில் நூறு பெயர் எழுதிக் கை வலிக்கிறது என்று, டேபிளுக்கு ஒரு பெயர் போதும், ஜோடி தானாக வரும் என்று அந்தக் கம்பெனியில் பழக்கியவன் நான். கேட்டில் நிற்பவருக்கும் அதுதான் தெரியும். சூப்பர்வைசருக்கும் அதுதான் தெரியும். நான் அனுப்பிய ஐம்பது பெயரை அந்தக் கம்பெனியில் யார் படித்தாலும் நூறு என்றுதான் படிப்பார்கள். என்னைத் தவிர.

“நீ போகாதே” என்றேன்.

“ஏன்?”

ஏன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாசலில் அவள் தோழி நின்றிருந்தாள். நோன்பு வைத்த உலர்ந்த உதடு, இறங்கியிருந்த மாஸ்க்குக்கு மேலே கொஞ்சம் தெரிந்தது. மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா, எப்பவும் இவ பேருதான் போடுவீங்க. இந்தத் தடவை என் பேரைப் போட்டிருக்கீங்க. எங்க வீட்டுக்காரர் கிட்ட காட்டினேன், இப்பத்தான் உனக்கு மதிப்பு வந்துச்சுன்னாரு.”

உன்னை அனுப்பத்தான் எழுதினேன், என் பெண்ணை நிறுத்தத்தான் எழுதினேன் என்று அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இருவரும் தகரத்தின் ஓரம் ஒடுங்கி ஒடுங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மேனேஜருக்குப் போன் செய்தேன். நான்காவது தடவை எடுத்தார். “நூறு பேரும் உள்ள வந்தாச்சு சார். மெஷின் ஓடுது. இப்பப் போய் எழுந்து போன்னு யாரைச் சொல்றது?” என்றார். பின்னால் மெஷின்கள் இரையும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

பதினோரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பாய் தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, “பார்த்தீங்களா சார், வானம் இடிஞ்சி விழுந்துச்சா?” என்று கேட்டார். தோல் ஷாப்பும் திறந்து நாற்றம் திரும்ப வந்துவிட்டது. நான் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மகள் தூங்கும்போது எண்ணினேன். முதல் ஞாயிறு இருபத்திரண்டு. அடுத்த ஞாயிறு, நோன்பின் கடைசி நாள், இருபத்தொன்பது. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்று.

வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். தோழிக்கும் அதே வாரம் காய்ச்சல். அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பெருநாள் கழிந்து எட்டாம் நாள் அவள் இறந்துவிட்டாள். துணியில் சுற்றி, நான்கு பேர் மட்டும் நின்று அடக்கம் செய்தார்கள் என்று மேஸ்திரி சொன்னார். இத்தனையும் சொல்லிவிட்டு அவர், “நீங்க அன்னிக்கே சொன்னீங்க சார், திறக்காதீங்கன்னு” என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினாறாம் நாள் மகள் வீட்டுக்கு வந்தாள். நடந்தால் மூச்சு இளைக்கிறது. தையல் மெஷினில் இனி உட்கார முடியாது. ஒரு மத்தியானம் அந்த லிஸ்ட்டின் போட்டோவைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு பதினேழாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பவும் என் பேருதானேப்பா போடுவே?”

“ஆமா.”

“அப்புறம் ஏன் அவ பேரு?”

அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. போனை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் எண்ணத் தொடங்கினேன். “எண்ணாதேப்பா” என்றாள், திரும்பாமலே.

அதன் பிறகு நான் அவள் மூச்சை எண்ணவில்லை. எண்ணியது ஆஸ்பத்திரிச் சீட்டுகளை மட்டும்தான். பெட், ஆக்சிஜன், ஊசி, வேலூருக்குப் போக ஒரு ஆம்புலன்ஸ், வர ஒரு ஆம்புலன்ஸ், எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரத்து நானூற்று முப்பது ரூபாய்.