பல்லிக்கும் ஒரு ஓகே

என் ஆறு வயது மகள் பல்லிக்குப் பயந்து தனியாகக் குளியலறைக்குள் போகமாட்டாள். பள்ளி வேன் வரும் நேரத்தில் தினமும் அழுகை. எனக்கும் பல்லி என்றால் உதறல்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையில், மெஷினைத் தொடும் முன் ஒவ்வொரு இடமாக விரலை நீட்டி, ஆபத்து இல்லை என்று பார்த்து “ஓகே” என்று உரக்கச் சொல்வோம். அதையே அவளுக்குச் செய்து காட்டினேன்.

“தரை ஓகே, பக்கெட் ஓகே” என்றேன். சுவரில் பல்லி அசைந்தது. என் இருபது வருட அனுபவம் ஒரே தாவலில் சமையலறையில் போய் நின்றது.

“இன்னாப்பா, என்னவிட நீ பயந்துக்கினு கீற!” என்று சிரித்தவள், தானே விரலை நீட்டினாள். “பல்லி மேல கீது, ஓகே. நான் கீழ கீறேன், ஓகே.” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போதெல்லாம் நான் குளிக்கப் போகும் முன்பும் அவள்தான் வந்து ஓகே சொல்கிறாள்.